824 வந்துவிட்டால்: ரிப்பேரா, ரீஸ்டோரா, நடுவில் ஒரு வழியா?

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் டேட்டாபேஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கிற காரியம். பில் போடுவது ஓடிக்கொண்டிருக்கும், ஸ்டாக் ரிப்போர்ட் வரும், யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. கணக்குப் பிரிவில் யாராவது போன வருட விற்பனையை எடுக்கும்போதுதான் திரையில் 824 என்ற பிழை எண் சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். கெட்டுப்போன பேஜை, அதாவது டேட்டா சேமிக்கப்படும் 8 கேபித் துண்டை, அதுவரை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான். அது கெட்டு எத்தனை நாளாயிற்று என்று பிழைச் செய்தி சொல்லாது. எந்த ஃபைல், எந்த பேஜ் என்பதை மட்டும் 1:15342 என்கிற மாதிரி சொல்லும்.

அந்தப் பதற்றத்தில் தேடினால் சீக்கிரம் கைக்குக் கிடைப்பது 'ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்' என்கிற கட்டளை. ஒரே வரி. ஓட்டினால் பிழை போய்விடும், எல்லோரும் வேலையைப் பார்க்கலாம். என் கருத்தில் அது வரிசையில் கடைசியாக வரவேண்டியது. அதற்கு முன்னால் குறைந்தது மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உடைந்தது எந்த வகைப் பேஜ், உங்கள் கையில் என்ன பேக்கப் இருக்கிறது. பிழை எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது.

எண்களை ஒரு முறை பார்த்துவிடலாம். 823 என்றால் டிஸ்க்கிலிருந்து படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்று விண்டோஸே கைவிரித்துவிட்டது. 824 என்றால் விண்டோஸ் படித்துக் கொடுத்துவிட்டது, ஆனால் வந்த 8 கேபி பேஜைச் சர்வர் சோதித்தபோது கணக்கு உதைக்கிறது. செக்சம் (பேஜோடு சேர்த்து எழுதப்படும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகாமல் இருக்கலாம், பேஜ் பாதி மட்டும் எழுதப்பட்டிருக்கலாம், கேட்ட பேஜுக்குப் பதில் வேறொரு பேஜ் வந்திருக்கலாம். மூன்றாவது 825. முதல் தடவை படிக்க முடியாமல், திரும்பத் திரும்ப முயன்று, கடைசியில் கிடைத்துவிட்டது என்று பொருள். மூன்றிலும் நான் அதிகம் பயப்படுவது இந்த 825-க்குத்தான். 823, 824 இரண்டும் தீவிரத்தில் 24-ஆம் நிலைப் பிழைகளாக வந்து வேலையை நிறுத்திவிடும், யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. 825 வெறும் 10-ஆம் நிலைத் தகவலாக எரர் லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு கிடைக்காது, அதை யாரும் படிப்பதும் கிடையாது.

சரி, பிழை வந்துவிட்டது. எந்த வழி என்று யோசிப்பதற்கு முன் செய்யக்கூடாத சில காரியங்கள் உண்டு. சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். இப்போது டேட்டாபேஸ் ஆன்லைனில்தான் இருக்கிறது, ஒரு பேஜைத் தவிர மற்றதெல்லாம் படிக்க வருகிறது. ரீஸ்டார்ட் ஆனால் ரெக்கவரி, அதாவது மாற்றங்கள் பதிவாகும் லாகைப் பார்த்துப் பாதியில் நின்றவற்றைச் சரிசெய்யும் வேலை, ஓடும். அது அந்தக் கெட்ட பேஜைத் தொட வேண்டிவந்தால் மொத்த டேட்டாபேஸும் 'சஸ்பெக்ட்' ஆகி, திறக்க முடியாமல் போய்விடும். சஸ்பெக்ட் ஆனதை டிடாச் செய்து (சர்வரிலிருந்து கழற்றி) மறுபடி அட்டாச் செய்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய பதிப்புகளில் டிடாச் ஆகும், அட்டாச் ஆகாது. இதனால்தான் 2008 பதிப்பிலிருந்து சஸ்பெக்ட் டேட்டாபேஸை டிடாச் செய்ய சர்வரே விடுவதில்லை. அப்புறம், பழைய பேக்கப்புகளைத் தானாக அழிக்கிற ஜாப் ஏதாவது இருந்தால் உடனே நிறுத்துங்கள். பேஜ் நல்லபடியாக இருந்த கடைசி பேக்கப் இரண்டு வாரத்துக்கு முந்தையதாக இருக்கலாம். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது நள்ளிரவில் அந்த ஜாப் ஓடி அதை அழித்துவிடக்கூடும்.

அதன்பிறகு டேட்டாபேஸ் முழுவதையும் சோதிக்கும் டிபிசிசி செக்டிபி கட்டளையை, தகவல் செய்திகள் வேண்டாம், பிழைகள் மொத்தமும் வேண்டும் என்கிற ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். பெரிய டேட்டாபேஸ் என்றால் மணிக்கணக்கில் ஓடும். பாதியில் நிறுத்தத் தோன்றும், நிறுத்தாதீர்கள். முடிவில் அது தரும் பட்டியலைப் பார்த்து மிரளவும் வேண்டாம். ஒரே பேஜ் கெட்டிருந்தாலும் 8928, 8939, 8976, 8978 என்று நாலைந்து பிழைகள் வரும். அந்தப் பேஜைப் பற்றி ஒன்று, அதைச் சுட்டுகிற பேஜைப் பற்றி ஒன்று, பக்கத்துப் பேஜைப் பற்றி ஒன்று என்று எல்லாம் அதே காயத்தைத்தான் சொல்கின்றன. நீங்கள் தேட வேண்டியது ஒவ்வொரு வரியிலும் வருகிற இண்டெக்ஸ் ஐடி. 0 என்றால் க்ளஸ்டர்டு இண்டெக்ஸ் இல்லாத டேபிள். 1 என்றால் க்ளஸ்டர்டு இண்டெக்ஸ், அதாவது டேபிளின் டேட்டாவே அங்கேதான் இருக்கிறது. 2 அல்லது அதற்கு மேல் என்றால் நான்-க்ளஸ்டர்டு இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கத் தனியாக வைத்திருக்கும் பட்டியல்.

எல்லாப் பிழைகளும் 2 அல்லது அதற்கு மேல் என்றால் உங்களுக்கு நல்ல நேரம். ரீஸ்டோரும் வேண்டாம், ரிப்பேரும் வேண்டாம். நான்-க்ளஸ்டர்டு இண்டெக்ஸில் இருப்பது டேபிளில் உள்ளதன் நகல்தானே, அழித்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நேராக ரீபில்ட் கொடுத்தால், புதிய இண்டெக்ஸைக் கட்டுவதற்குச் சர்வர் பழைய இண்டெக்ஸையே படிக்கப் பார்க்கலாம், அங்கே கெட்ட பேஜில் முட்டிக்கொள்ளும். முதலில் இண்டெக்ஸை டிஸேபிள் செய்துவிட்டுப் பிறகு ரீபில்ட் செய்தால் டேபிளிலிருந்து படித்துத்தான் ஆகவேண்டும். யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டுக்கு (மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற விதிக்கு) உரிய இண்டெக்ஸ் என்றால் அதைச் சார்ந்த ஃபாரின் கீகளும் (மற்ற டேபிள்களிலிருந்து வரும் இணைப்பு விதிகளும்) சேர்ந்தே டிஸேபிள் ஆகும், அவற்றைப் பின்னால் நினைவாகத் திரும்ப இயக்க வேண்டும். 8951, 8955 இரண்டும் ஜோடியாக வந்தாலும் விஷயம் இதே ரகம்தான்: டேபிளில் வரிசை (row) இருக்கிறது, இண்டெக்ஸில் காணோம்.

2570 என்று வந்தால் அது தனிக் கதை. பேஜ் நன்றாகவே இருக்கிறது, உள்ளே இருக்கிற மதிப்புதான் அந்த நெடுவரிசையின் (column) வகைக்குப் பொருந்தாதது. செல்லாத தேதி ஒன்று உட்கார்ந்திருக்கும். இதை எந்த ரிப்பேரும் சரிசெய்யாது, நீங்களே பார்த்து அப்டேட் செய்யவேண்டியதுதான்.

இண்டெக்ஸ் ஐடி 0 அல்லது 1 என்றால்தான் உண்மையான தேர்வு தொடங்குகிறது.

ரெக்கவரி மாடல் (லாகை எவ்வளவு வைத்திருப்பது என்ற அமைப்பு) 'ஃபுல்' ஆக இருந்து, ஒரு ஃபுல் பேக்கப்பும் அதற்குப் பிந்தைய லாக் பேக்கப்புகளும் விட்டுப்போகாமல் இருந்தால், பேஜ் ரீஸ்டோரை விஞ்ச ஒன்றும் இல்லை. டேட்டா இழப்பு சுழியம். 300 ஜிபி டேட்டாபேஸில் ஒரு பேஜ் கெட்டிருந்தால் ஃபுல் பேக்கப்பிலிருந்து அந்த 8 கேபியை மட்டும் எடுத்து வைக்கலாம். பிறகு டிஃபரென்ஷியல் (ஃபுல்லுக்குப் பின் மாறியதை மட்டும் எடுத்த பேக்கப்) இருந்தால் அது, அதன்பின் லாக் பேக்கப்புகள் வரிசையாக, அப்புறம் புதிதாக ஒரு லாக் பேக்கப் எடுத்து அதையும் போட்டு ரெக்கவரி கொடுத்தால் முடிந்தது. லாக் பேக்கப்புகள் ஒவ்வொன்றையும் போடவேண்டியிருந்தாலும், அந்தப் பேஜைப் பற்றிய மாற்றங்களை மட்டுமே சர்வர் எடுத்துக்கொள்ளும். பேஜ் காலத்தில் முன்னேறி வந்து மற்ற பேஜ்களோடு சேர்ந்துகொள்ளும்.

இதில் மூன்று தடைகள் வரலாம். முதலாவது பதிப்பு. எண்டர்பிரைஸில் இதை டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம், ஸ்டாண்டர்டில் அந்த நேரம் முழுக்க டேட்டாபேஸ் ஆஃப்லைன். அப்படியிருந்தும் 300 ஜிபியையும் திரும்பக் கொண்டுவருவதைவிட இது சீக்கிரம் முடிகிற வேலைதான். இரண்டாவது, எல்லாப் பேஜையும் இப்படி மீட்க முடியாது. ஃபைலின் முதல் பேஜ், டேட்டாபேஸின் பூட் பேஜ் ஆன 1:9, எந்த இடம் காலி எந்த இடம் நிரம்பியது என்று கணக்கு வைக்கும் ஜிஏஎம், எஸ்ஜிஏஎம், பிஎஃப்எஸ் பேஜ்கள் எல்லாம் இதற்கு உட்படாது. மூன்றாவதுதான் பெரிய தடை. அந்த ஃபுல் பேக்கப்பில் உள்ள பேஜ் நல்ல பேஜா? செக்சம் ஆப்ஷன் இல்லாமல் எடுத்த பேக்கப், கெட்ட பேஜையும் கேள்வி கேட்காமல் அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளும், 'வெற்றிகரமாக முடிந்தது' என்றும் சொல்லும். செக்சத்தோடு எடுத்திருந்தால் அன்றைக்கே 3043 பிழையோடு பேக்கப் நின்றிருக்கும். அதனால் நேற்றைய பேக்கப்பை நம்பி இறங்காதீர்கள். வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து, அங்கே செக்டிபி ஓட்டிப் பாருங்கள். கெட்டிருந்தால் அதற்கு முந்தைய ஃபுல், அதுவும் கெட்டிருந்தால் அதற்கும் முந்தையது. லாக் சங்கிலி அறுபடாமல் இருக்கிறவரை எவ்வளவு பழைய ஃபுல்லாக இருந்தாலும் அங்கிருந்து தொடங்கி இந்த நிமிடம் வரை வந்துவிடலாம். இடையில் எடுத்த ஃபுல் பேக்கப்புகள் லாக் சங்கிலியை அறுப்பதில்லை.

முழு ரீஸ்டோர் எப்போது? கெட்ட பேஜ்கள் ஒன்றிரண்டு என்று இல்லாமல் பரவலாகக் கிடந்தாலோ, மேலே சொன்ன கணக்கு பேஜ்களோ சிஸ்டம் டேபிள்களோ போயிருந்தாலோ அதுதான் வழி. ஃபுல் மாடல் என்றால் தொடங்குமுன் டெயில் லாக் பேக்கப் (இன்னும் பேக்கப் ஆகாத லாகின் கடைசித் துண்டு) எடுத்துவிடவேண்டும். டேட்டா ஃபைல் நாசமாகியிருந்தாலும் லாக் ஃபைல் நல்லபடியாக இருந்தால் நோ-ட்ரங்கேட் ஆப்ஷனில் இது பெரும்பாலும் எடுக்க வரும், கடைசிப் பரிவர்த்தனை வரை மீட்கலாம். அதை மறந்துவிட்டுப் பழையதன் மேலேயே ரீஸ்டோர் செய்தால் கடைசி லாக் பேக்கப்புக்குப் பிந்தைய பில்கள் அவ்வளவும் போச்சு. எந்த நிலையிலும் பழையதன் மேல் எழுதாமல் வேறு பெயரில், முடிந்தால் வேறு டிஸ்க்கில் ரீஸ்டோர் செய்வதே நல்லது. 824 தந்த டிஸ்க்கின் மேலேயே புதிய டேட்டாபேஸைக் கொண்டுபோய் வைப்பதில் என்ன அர்த்தம்?

இதுவரை சொன்னது ஒழுங்காக டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வைத்திருக்கிற இடங்களுக்கு. கடை, கிளினிக், பள்ளி, சின்னத் தொழிற்சாலை என்று பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுகிற இடங்களில் பார்த்தால் ரெக்கவரி மாடல் 'சிம்பிள்' ஆக இருக்கும், இரவில் ஒரு ஃபுல் பேக்கப் ஓடும், அதோடு சரி. சிம்பிளில் லாக் பேக்கப் என்பதே கிடையாது, ஆகவே பேஜ் ரீஸ்டோரும் இப்படிக் கைகொடுக்காது. இவர்களுக்கு ரீஸ்டோர் என்றால் நேற்றிரவுக்குத் திரும்பிப் போவது. நேற்றிரவு பேக்கப்பும் கெட்டது என்றால் இரண்டு வாரம் பின்னால். ரிப்பேர் என்றால் எது போயிற்று என்றே தெரியாமல் ஒரு துண்டு போவது. இரண்டும் வேண்டாம் என்கிறவர்களுக்குத்தான் அந்த நடுவழி, இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

பழைய நல்ல பேக்கப்பை வேறு பெயரில் பக்கத்திலேயே ரீஸ்டோர் செய்துகொள்ளுங்கள். அதைப் பயன்பாட்டுக்கு விடுவதற்காக அல்ல, அதிலிருந்து வரிசைகளைப் பொறுக்கி எடுப்பதற்காக. கெட்ட டேட்டாபேஸில் உடைந்த பேஜைத் தவிர மற்ற எல்லாமே இன்றைய தேதி வரை சரியாக இருக்கின்றன. ஒரு வரிசைக்கு 200 பைட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பேஜில் 40 வரிசைகள். அந்த 40 பில் வரிகள் எவை என்று மட்டும் தெரிந்தால் பழைய நகலிலிருந்து அவற்றை எடுத்து ஒட்டிவிடலாம்.

எவை என்று எப்படித் தெரியும்? இங்கேதான் நான்-க்ளஸ்டர்டு இண்டெக்ஸ் கைகொடுக்கிறது. அதன் ஒவ்வொரு வரியிலும் டேபிளின் க்ளஸ்டர்டு கீ, நம் கணக்கில் பில் எண், ஒளிந்திருக்கிறது. அந்த இண்டெக்ஸை மட்டும் பயன்படுத்தும்படி கட்டாயப்படுத்திப் பில் எண்களை செலக்ட் செய்தால், கெட்ட பேஜைத் தொடாமலேயே டேபிளில் இருந்திருக்கவேண்டிய எல்லா எண்களும் வந்துவிடும். இந்தப் பட்டியலை வேறொரு டேட்டாபேஸில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இண்டெக்ஸில் தேதி, வாடிக்கையாளர் என்று வேறு நெடுவரிசைகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே எடுங்கள், அவை இன்றைய மதிப்புகள். அதற்குப் பிறகுதான் ரிப்பேர். ரிப்பேர் முடிந்ததும் டேபிளில் மிச்சமிருக்கும் எண்களையும் பட்டியலையும் ஒப்பிட்டால், காணாமல் போனவை வரிசையாகத் தெரியும். பழைய நகலிலிருந்து, ஐடென்டிட்டி இன்ஸர்ட்டை (தானாக எண் இடும் நெடுவரிசையில் நாமே எண்ணைக் கொடுக்க விடும் அமைப்பை) ஆன் செய்து, அவற்றை உள்ளே விடலாம்.

இந்த வரிசைமுறை மாறக்கூடாது. ரிப்பேர் முதலில் ஓடிவிட்டால், டேபிளில் இல்லாத வரிசைகளை நான்-க்ளஸ்டர்டு இண்டெக்ஸிலிருந்தும் துடைத்துவிடும். சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. பேக்கப்புக்குப் பிறகு அந்த 40 வரிகளில் ஏதாவது திருத்தப்பட்டிருந்தால் பழைய மதிப்புதான் திரும்பி வரும். போன வருடத்துப் பில் என்றால் பிரச்சினை இல்லை, யாரும் அதைத் திருத்தியிருக்கமாட்டார்கள். ஸ்டாக் இருப்பு டேபிள் என்றால் கதையே வேறு, மணிக்கு மணி மாறுகிற மதிப்பு அது. அங்கே பழைய எண்ணை ஒட்டுவதைவிட கொள்முதல், விற்பனை வரிகளைக் கூட்டிக் கழித்து இருப்பைப் புதிதாகக் கணக்கிடுவது உத்தமம். பேக்கப்புக்குப் பின் சேர்ந்த வரிகளே கெட்ட பேஜில் இருந்திருந்தால், அச்சடித்த பில்லைப் பார்த்துக் கையால் ஏற்றவேண்டும். 40 பில் வரிகளை ஏற்றுவது ஒரு மதிய வேலை. இரண்டு வாரத்தை மறுபடி ஏற்றுவது அப்படி அல்ல.

இப்போது ரிப்பேரைப் பற்றி. அது டேட்டாவை மீட்பதில்லை. டேட்டாபேஸின் கட்டமைப்பை முரணில்லாமல் ஆக்குவதுதான் அதன் வேலை, அதற்கு மிக எளிய வழி உடைந்த பேஜை அறுத்து எறிந்துவிட்டு முன்பேஜையும் பின்பேஜையும் சேர்த்துத் தைப்பது. எந்த வரிசைகள் போயின என்று சொல்லாது. ஃபாரின் கீ, டிரிகர், உங்கள் வணிக விதி எதையும் மதிக்காது. பில் தலைப்பு இருக்கும், பில் வரி இருக்காது. மொத்தத் தொகை 18,000 என்று இருக்கும், உள்ளே கூட்டினால் 11,000 வரும். ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யும் நாளில்தான் அது வெளியே வரும். எனவே ரிப்பேருக்குப் பிறகு டிபிசிசி செக்கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஓட்டுவதும், தலைப்பையும் வரிகளையும் கூட்டி ஒப்பிடுகிற உங்கள் சொந்தக் கேள்விகளை ஓட்டுவதும் கட்டாயம்.

ஓட்டியே ஆகவேண்டும் என்றால் சில காப்புகள். கெட்ட டேட்டாபேஸ் ஆனாலும் முதலில் பேக்கப் எடுங்கள், 'கன்டின்யூ ஆஃப்டர் எரர்' ஆப்ஷன் இதற்காகவே இருக்கிறது. சிங்கிள் யூசர் நிலைக்கு மாற்றி, ஒரு டிரான்ஸாக்ஷன் தொடங்கி, அதற்குள் ரிப்பேரை ஓட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. என்ன போயிற்று என்று பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் ரோல்பேக் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒரு முறை ஓட்டினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஒன்றைச் சரிசெய்த பிறகுதான் அதன் பின்னால் மறைந்திருந்தது தெரியும், செக்டிபி சுத்தமாக வரும்வரை ஓட்டவேண்டும்.

டேட்டாபேஸ் சஸ்பெக்ட் ஆகி, பேக்கப்பும் இல்லை என்கிற நிலையில் எமர்ஜென்சி மோட் மட்டுமே மிச்சம். அதில் வைத்தால் நிர்வாகி மட்டும் உள்ளே போய்ப் படிக்கலாம். உடனே ரிப்பேருக்குப் பாயாமல், முதலில் படிக்க வருகிற டேபிள்களை எல்லாம் புதிய டேட்டாபேஸுக்கு நகலெடுத்துவிடுங்கள். ஒரு டேபிள் இடையில் முட்டினால், கீயை வைத்து இந்த எண் வரை, அந்த எண்ணிலிருந்து என்று கெட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு படிக்கலாம். எமர்ஜென்சி மோடில் ஓட்டும் ரிப்பேர், லாக் கெட்டிருந்தால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கட்டும். அப்போது பாதியில் நின்ற பரிவர்த்தனைகள் பாதியிலேயே உறைந்துவிடும், அங்கே ரோல்பேக் என்பதே கிடையாது. ஓட்டும் முன் சர்வீஸை நிறுத்தி எம்டிஎஃப் (டேட்டா), எல்டிஎஃப் (லாக்) ஃபைல்களை வேறிடத்தில் நகலெடுத்து வைக்காமல் அதைத் தொடவே கூடாது. காசுக்குக் கிடைக்கும் மீட்பு சாஃப்ட்வேர்களைப் போட்டுப் பார்ப்பதென்றாலும் இந்த நகலின் மேல்தான், மூலத்தின் மேல் கூடாது.

அவெய்லபிலிட்டி குரூப் (டேட்டாபேஸின் நகல்களை வேறு சர்வர்களிலும் வைத்திருக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியில் பெரும்பகுதி வராது. 824 வந்தால் சர்வரே மற்ற நகலிலிருந்து நல்ல பேஜைக் கேட்டு வாங்கி ஒட்டிக்கொள்ளும். அதன் கெடுதலும் அதுவேதான். யாருக்கும் தெரியாமல் தானே சரியாகிவிடுவதால், கீழே டிஸ்க் அழுகிக்கொண்டிருப்பது கவனத்துக்கு வராது. சர்வரின் சொந்த டேட்டாபேஸான எம்எஸ்டிபியில் 'சஸ்பெக்ட் பேஜஸ்' என்றொரு டேபிள் இருக்கிறது, கெட்ட பேஜ்களும் பழுது பார்த்த பேஜ்களும் அங்கே பதிவாகும். 1,000 வரிசைகள்தான் கொள்ளும், நிரம்பினால் புதியது பதிவாகாது. எனவே அவ்வப்போது பார்த்து, பழையதைத் துடைக்கவும் வேண்டும்.

எந்த வழியில் மீண்டாலும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அதே டிஸ்க்கில் தொடர்வது வீண் வேலை. பெரும்பாலும் குற்றவாளி கீழேதான் இருப்பார்: ரெய்டு கன்ட்ரோலரின் பேட்டரி, அதன் ஃபர்ம்வேர், பழுதான மெமரி, டிஸ்க், டேட்டா ஃபைல்களுக்குள் மூக்கை நுழைக்கிற ஆன்டிவைரஸ். விண்டோஸின் சிஸ்டம் ஈவண்ட் லாகில் அதே நேரத்தில் டிஸ்க் பிழைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பழைய டேட்டாபேஸ்களில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். பேஜ் செக்சம் 2005 பதிப்பில்தான் வந்தது. 2000 காலத்தில் பிறந்து பதிப்பு பதிப்பாக ஏற்றிக்கொண்டு வந்த டேட்டாபேஸ்களில் பேஜ் வெரிஃபை (பேஜைச் சோதிக்கும் முறை) இன்னும் பழைய அமைப்பிலேயே இருக்கலாம். மாற்றிவிட்டால் உடனே எல்லாப் பேஜுக்கும் செக்சம் வந்துவிடாது. ஒரு பேஜ் அடுத்த முறை மாறி டிஸ்க்குக்கு எழுதப்படும்போதுதான் அதற்குக் கிடைக்கும். சீக்கிரம் வேண்டும் என்றால் இண்டெக்ஸ்களை எல்லாம் ரீபில்ட் செய்தால் அவற்றின் பேஜ்களுக்குச் செக்சம் வந்துவிடும். 823, 824, 825 மூன்றுக்கும் ஏஜென்ட்டில் (சர்வரின் தானியங்கி வேலைப் பகுதியில்) அலர்ட் வைக்கவேண்டும். எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஏஜென்ட் இல்லை என்பதால், வாரத்துக்கு ஒருமுறை செக்டிபியை ஓட்டி முடிவை மின்னஞ்சலில் அனுப்புகிற ஸ்கிரிப்ட் ஒன்றை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவையுங்கள். எவ்வளவு நாள் பேக்கப்பை வைத்திருக்கிறீர்களோ அதைவிடக் குறைந்த இடைவெளியில் அது ஓடவேண்டும்.